நூலுக்குச் சொன்ன சொல்

இடுப்பு என்று ஒன்று இருப்பதே, அது வலிக்கிறவரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை. சுபிக்ஷாவுக்கு அது இருபத்தாறு வயதிலேயே தெரிந்து போனது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். சாய்மானம் இல்லாத ஸ்டூல், காலுக்கடியில் பெடல், நாள் முழுக்கக் குனிந்த தலை. இப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் இரும்புத் தூணே வளையும், மனுஷி வளைய மாட்டாளா?

ஒரு நாள் துணிக்கட்டைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்பில் பிடித்த வலி பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைச் சுற்றி, கட்டைவிரல் நுனியில் போய்க் கரண்ட் அடிப்பதுபோல் அடித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. பெல்ட் போட்டாள். காலில் எடை கட்டி இழுத்தார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். முதுகுத்தண்டுக்குள் ஊசி போட்டார்கள். கொஞ்ச மாதம் சொர்க்கம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. ரேடியோ அலையை வைத்து நரம்பு நுனியைச் சுட்டார்கள். சுட்ட நரம்பு சும்மா இருக்குமா, மறுபடி முளைத்துக்கொண்டது. ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும் மாமியார் பரிமளம் குறுக்கே விழுந்து தடுத்துவிட்டாள்.

"முதுவுல கத்தி வெச்சுட்டு எவ நிமுந்து நடந்திருக்கறா, சொல்லு பாக்கலாம்? வேண்டவே வேண்டாம் கண்ணு."

கம்பெனியில் சூப்பர்வைசருக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. "நல்லா நடிக்கறா" என்று அவர் காதுபடவே சொன்னார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதுதான் நூல் வந்தது. அதற்கு ரயில் நீளத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அதெல்லாம் எதற்கு? தலைமுடியைவிட மெல்லியதாக, வெள்ளையாக, சுருட்டி வைத்தால் சுருண்டு கிடப்பது நூல் இல்லாமல் வேறென்ன? ஊசி போன வழியே நூலும் போகும் என்பார்களே, அதேதான். முதுகில் ஒரே ஒரு ஊசி. அதன் துளை வழியாக நூல் இறங்கி, நரம்பு வெளியே வருகிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். கத்தி இல்லை, தையல் இல்லை. காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு மணியைப் பதிப்பார்கள். அது உடம்புக்காரியின் குரலை மட்டும் கேட்கும். ஒரு டீ குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். பனியன் கம்பெனிகளே தங்கள் டெய்லர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தன. தர்மசிந்தனை ஒன்றும் இல்லை; நிமிர முடியாத டெய்லரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

நூல் வைத்த மறுநாள் மெர்லின் என்ற பெண் வந்தாள். நாகர்கோவில்காரி, தமிழ் படித்தவள், கல்யாணம் ஆகாதவள். நூலைச் செய்கிறவர்கள் அவளைப் பயிற்சி கொடுக்க அனுப்பியிருந்தார்கள்.

"உள்ள போயிருச்சுங்களே மேடம், இன்னும் ஏன் வலி நிக்கலீங்?" என்று கேட்டாள் சுபிக்ஷா.

"அதுக்கு வலின்னா என்னன்னே தெரியாதுக்கா," என்றாள் மெர்லின். "நரம்புல எந்நேரமும் ஏதாவது சேதி மேல போய்க்கிட்டே இருக்கும். சூடு, குளிர், துணி உரசுறது, வலி. நூலுக்கு எல்லாம் ஒண்ணுதான். எது வலின்னு நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். வலிக்கிறப்ப எல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லுங்க. அந்த நேரத்துல எது மேல போகுதோ அதைப் பார்த்து வெச்சுக்கும். கொஞ்ச நாள்ல அதுவே வழியில நின்னு மறிச்சுடும்."

"புதுசா வேற மாதிரி வலிச்சுதுன்னா?"

"அதே வார்த்தையைச் சொன்னாப் போதும். அதையும் புடிச்சுக்கும். வரவர அதுக்கு வேகம் கூடிடும், சொல்லி வாய மூடுறதுக்குள்ள நிறுத்திடும்."

"என்ன வார்த்தைங் சொல்றது?"

"வலிக்கிறப்ப நீங்களா என்ன சொல்வீங்க?"

சுபிக்ஷா யோசிக்கவே இல்லை. "ஐயோ, இடுப்பு வலிக்குதுன்னுதானுங் சொல்லுவேன்."

மெர்லின் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். தலைமை அலுவலகம் அனுப்பிய மொழிபெயர்ப்பிலும் முதல் சொல்லே 'இடுப்பு வலி'தான். "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இதையே வெச்சுக்குவோம்," என்றாள். இருவருக்கும் அதில் எதுவும் நெருடவில்லை. பிறந்ததிலிருந்து வாயில் புழங்குகிற சொல்லை யார் எடுத்து உரசிப் பார்க்கிறார்கள்?

பிறகு கொஞ்ச நாள் வீடே அந்தச் சொல்லால் நிறைந்தது. குனிந்தால் "இடுப்பு வலிக்குது", நிமிர்ந்தால் "இடுப்பு வலிக்குது". கணவன் பூபதி, வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கேலி பண்ணுவான்: "பக்கத்து ஊட்டுக்காரரு, என்னப்பா ரேடியோவுல ஒரே பாட்டு ஓடுதுங்கறாரு." அப்புறம் மெல்ல மெல்ல அந்தப் பாட்டு குறைந்தது. ஒரு காலையில் சுபிக்ஷா எழுந்து, குளித்து, துணி துவைத்து, மாடியேறிக் காயப்போட்டுவிட்டு இறங்கும்போதுதான் கவனித்தாள், அன்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஊரும் மாறியது. கம்பெனி வாசல்களில் 'நூல் வைத்த டெய்லர்கள் தேவை' என்று பலகை தொங்கியது. வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வியே, "நூல் இருக்குதா?" இல்லாதவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், "ஊட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நூல் வைத்தவர்கள் வலி தெரியாமல் இரண்டு ஷிப்ட் தைத்தார்கள். வலி போனது என்று பார்த்தால் வலியோடு ஓய்வும் சேர்ந்தே போயிருந்தது.

ஆனால் சுபிக்ஷாவுக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். இடுப்பில் கை பட்டாலே அலறுகிறவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? நூல் வைத்த வருஷமே அவள் முழுகாமல் இருந்தாள். பரிமளம் கோயில் கோயிலாக ஓடினாள். சுபிக்ஷா தெருவில் நடக்கும்போதே வயிற்றில் கைவைத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற டாக்டரம்மா கவனமானவர். நூல் விஷயத்தைக் கேட்டதும் அங்கேயே மெர்லினைப் போனில் பிடித்தார்.

"பிரசவ வலியை இது நிறுத்திடாதே?"

"நிறுத்தாது டாக்டர். அவங்க சொல்லிக்குடுத்ததை மட்டும்தான் மறிக்கும். பிரசவ வலியை அவங்க இதுக்குச் சொல்லிக்குடுக்கவே இல்லையே," என்றாள் மெர்லின்.

சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. என்றாலும் எதற்கும் நூலை அணைத்து வைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்ல, அணைத்தும் பார்த்தார்கள். வயிற்றுப் பாரமும் சேர்ந்துகொள்ள, பழைய வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. மாசமாக இருப்பவளுக்கு வீரியமான மாத்திரையும் கொடுக்க முடியாது. அவள் பாத்ரூமுக்குத் தவழ்ந்து போவதைப் பார்த்துப் பூபதிக்குத் தாங்கவில்லை. அவனே மெர்லினுக்குப் போன் செய்து நூலை மறுபடி ஓட விடச் சொன்னான்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கட்டுச்சோறு விருந்து வைத்தார்கள். சுபிக்ஷாவின் அம்மா வீட்டிலிருந்து புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாக வந்து இறங்கியது. பட்டுச்சேலை கட்டி, கழுத்து நிறைய மாலையோடு அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். "பொட்டப்புள்ளதான், மொகத்துல எழுதி ஒட்டியிருக்குது" என்று ஒருத்தி சொல்ல, "உங்கூட்டுக்காரரு மொகத்துல என்ன எழுதியிருந்துச்சு, மூணும் பையனாப் பெத்தியே?" என்று இன்னொருத்தி கேட்க, கூடமே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது வந்தது. முதுகின் அடியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்து பிய்த்து இழுப்பதுபோல. சுபிக்ஷா நாற்காலிக் கையைப் பற்றினாள்.

"அத்தை... இடுப்பு வலிக்குதுங்!"

கூடம் கப்பென்று அடங்கியது. பிள்ளை பெற்றவர்கள் கூடியிருக்கிற இடத்தில் ஒன்பது மாதக்காரி இந்த வார்த்தையைச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பரிமளம் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள். "வந்துருச்சா சாமி? எப்புடி வலிக்குது? விட்டுவிட்டு வலிக்குதா?"

சுபிக்ஷா வாயைத் திறந்தாள். வலி நின்றிருந்தது. கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல், விளக்கை அணைத்ததுபோல் நின்றிருந்தது.

"நின்னு போச்சுங் அத்தை," என்று அவள் சிரித்தாள். "பழைய வலிதானுங் போல. நூலு புடிச்சுக்கிச்சு."

அவள் ஒரு வலியை நினைத்துச் சொன்னாள். மாமியார் இன்னொரு வலியைக் கேட்டாள். நூலுக்கு இரண்டும் தெரியாது. சொல் வந்தது, அந்த நேரத்தில் மேலே போன சேதியை மறித்தது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த வேலை.

பரிமளத்துக்கு மனசு கேட்கவில்லை. "இரு, எதுக்கும் பாத்துருவோம்," என்று உள்ளே போய்ச் சீரகத்தைக் கொதிக்க வைத்து வடித்துக் கொண்டுவந்தாள். "சூட்டு வலின்னா சீரகத் தண்ணிக்கு அடங்கிப் போயிரும். நெசமான வலின்னா இதக் குடிச்சதும் ஏறும். குடி."

குடித்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறவில்லை.

"சூட்டு வலிதாண்டி!" என்று ஒருத்தி கைதட்ட, மறுபடி சிரிப்பும் கலகலப்பும் தொடங்கின. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து பொய் சொல்லாத சீரகம் அன்றைக்குப் பொய் சொன்னது. அதன்மேல் என்ன குற்றம்? அடங்குவதற்கும் ஏறுவதற்கும் அங்கே வலி இருந்தால்தானே?

சுபிக்ஷா வயிறாரச் சாப்பிட்டாள். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்ததில்லை என்று வந்தவர்கள் பிறகு பலநாள் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். மத்தியானத்துக்கு மேல் லேசாக வியர்த்தது. பட்டுச்சேலையின் புழுக்கம் என்று நினைத்தாள். வயிற்றில் அசைவு இல்லை. காலையிலிருந்து ஒரே சத்தம், குட்டி அசந்து தூங்குகிறது என்று நினைத்தாள். எதை நினைத்தாலும் நல்லதாகவே நினைக்க முடிந்த நாள் அது.

விளக்கு வைக்கிற நேரத்தில் பரிமளம் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயுமாக வந்தாள். சுற்றிப் போட்டுவிட்டு, ஆசையாக மருமகள் வயிற்றில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"என்ன கண்ணு, வயிறு கல்லாட்ட இருக்குது? வலிக்குலியா?"

"இல்லீங் அத்தை. தல மட்டும் கிறுகிறுங்குது."

முகத்தைப் பார்த்தாள் பரிமளம். உதட்டில் ரத்தமே இல்லை. "பூபதீ!" என்று அவள் போட்ட கூச்சலில் தெரு திரும்பிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் ஓட்டினார். இங்கே வைத்தார், அங்கே வைத்தார், மறுபடி இங்கே. எத்தனையோ தரம் அந்த அறையில் குதிரை ஓடுகிற மாதிரி கேட்ட சத்தம் அன்று கேட்கவில்லை. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்: "நிஜமாவே வலிக்கலையாம்மா?"

"காலைல ஒரே ஒரு தரமுங். ஏன் மேடம், பாப்பா தூங்குதுங்களா?"

டாக்டரம்மா பூபதியை வெளியே கூட்டிப்போய்ச் சொன்னார். "நஞ்சுக்கொடி கர்ப்பப்பையை விட்டுப் பிரிஞ்சுடுச்சு. ரத்தம் பூரா உள்ளயே கட்டிக்கிட்டிருக்கு, ஒரு சொட்டு வெளிய வரல. இதுக்கு வலிதாங்க முதல்ல தெரியற அடையாளம். அந்த வலியில எந்தப் பொம்பளையும் வீட்ல உட்கார்ந்திருக்க மாட்டா, கத்திக்கிட்டு ஓடி வருவா. ஓடி வந்தா உடனே குழந்தையை எடுத்துடலாம்." கையுறையை மாட்டிக்கொண்டே, "அவங்களையாவது காப்பாத்தறேன்," என்றார்.

காப்பாற்றினார். பெண் குழந்தை. தலை நிறைய முடி, விரலில் நகம், எல்லாம் இருந்தன. காலில் கட்டிய அட்டையில் 'பேபி ஆஃப் சுபிக்ஷா' என்று எழுதியிருந்தது. பெயர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கு என்ன, சாங்கியம் என்ன? ஆண்கள் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வாய்க்கால் மேட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். யாருக்காகச் சுரக்கிறோம் என்று தெரியாமல் அவளுக்குப் பால் வேறு சுரந்து தொலைத்தது.

மெர்லின் வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் திட்ட வாய் வரவில்லை. பாதி ஆளாகியிருந்தாள். சுபிக்ஷாவின் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். பூபதி சுவரில் சாய்ந்து நின்றான்.

"நூல் ஞாபகத்துல இருந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தோம்," என்றாள். "அன்னைக்கு நீங்க அந்த வார்த்தையைச் சொன்னதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓயாம மறிச்சுக்கிட்டே இருந்திருக்கு."

"எவ்ளோ வலிங் அது?"

"இதுவரைக்கும் எந்த நூலும் அவ்வளவு மறிச்சதில்லை."

"எனக்கு வரவேண்டியதுதானுங்களே அத்தனையும்," என்றாள் சுபிக்ஷா. பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அது நின்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங் மேடம். என்ற புள்ள உள்ள செத்துட்டு இருந்துருக்குது, நான் பாயசம் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு இருந்துருக்கறேன்."

பரிமளம் வாசலில் நின்றபடி வெடித்தாள். "இடுப்பு வலின்னா என்னன்னு புள்ள பெத்த எவளக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாளே சாமி! நீயும் பொம்பளதான?"

"எங்கம்மா என்னைப் பெத்த கதையைச் சொல்றப்ப எல்லாம், 'எனக்கு இடுப்பு வலி எடுத்தப்போ'ன்னுதாம்மா ஆரம்பிப்பாங்க," என்றாள் மெர்லின். "எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இங்கிலீஷ்ல ரெண்டும் ரெண்டு வார்த்தை. அதைப் பார்த்துப் பார்த்து, தமிழ்லயும் ரெண்டுன்னே இருந்துட்டேன். ஒருத்தருக்கும் தோணலம்மா."

பரிமளத்தின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "உன்னச் சொல்லி என்ன பண்றது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "என்ற காதுல விழுந்துதே அந்த வார்த்தை! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறத உட்டுப்போட்டு, சீரகத்தக் காச்சிக் குடுத்துட்டு ஒக்காந்திருந்தேனே, பாவி!"

நூலை எடுத்துவிடுங்கள் என்றான் பூபதி. எடுக்க முடியாது, அது நரம்போடு ஒட்டி வளர்ந்துவிட்டது, எடுத்தால் காலே போய்விடும். அப்படியானால் அணைத்து வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அணைத்தார்கள். பூபதி சொன்ன சொல் தவறாமல் பார்த்துக்கொண்டான். தூக்கிக்கொண்டு போனான், தூக்கிக்கொண்டு வந்தான். ஆனால் வலியில் அவள் துடிக்கிற துடிப்பை அவனால் பாதியாவது வாங்கிக்கொள்ள முடிந்ததா? ஒரு வாய் சோறு இறங்கவில்லை, ஒரு கண் உறங்கவில்லை. பிள்ளைக்காக அழக்கூட அவளை வலி விடவில்லை. அழுதால் முதுகு குலுங்கியது. கடைசியில் அவளே சொன்னாள், "மெர்லின் மேடத்தக் கூப்பிடுங் மாமா. முடியலீங்."

மெர்லின் மறுபடி வந்தாள். தலைமை அலுவலகம் இப்போது விழித்துக்கொண்டிருந்தது. நூல் வைத்த எல்லோருக்கும் பழைய சொல்லையும் அதோடு கற்றதையும் அழித்துவிட்டு, புதுச் சொல் கொடுக்கச் சொல்லி உத்தரவு.

"அன்றாடப் பேச்சுல வராத வார்த்தையா இருக்கணும்க்கா," என்றாள். "தப்பித்தவறிக்கூட வாயில வரக்கூடாது. யாரும் எப்பவும் சொல்லாத வார்த்தை. உங்க கம்பெனியில நிறையப் பேரு கங்காருன்னு வெச்சிருக்காங்க."

ஆமாம், அது ஒரு கூத்து. ஐம்பது மிஷின் ஓடுகிற கூடத்தில் திடீர் திடீரென்று யாராவது ஒருத்தி "கங்காரு! கங்காரு!" என்று முனகுவாள். முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவும் பழகிப் போனது.

சுபிக்ஷா அடிவயிற்றில் கை வைத்தாள். பிறகு, "இதழினி," என்றாள்.

"அழகா இருக்கே! யாரு பேருக்கா?"

"யாருதும் இல்லீங்."

சுவரில் சாய்ந்து நின்ற பூபதி நிமிர்ந்து பார்த்தான். அவனிடம்கூட அவள் சொன்னதில்லை. பிறந்து, முகத்தைப் பார்த்து, காதில் முதலில் தான்தான் கூப்பிட வேண்டும் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்த பெயர். மெர்லினுக்கும் மெல்லப் புரிந்தது. பலகைமேல் இருந்த விரல் அப்படியே நின்றது.

"வேண்டாமேக்கா. வேற ஏதாவது..."

"யாரும் எப்பவும் சொல்லாத வார்த்தை வேணும்னீங்களே மேடம். இத இனி யாரு சொல்லப் போறாங்க?"

மெர்லின் அதையே பதிந்துகொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

மறுபடி முதலிலிருந்து பயிற்சி. வலித்தபோதெல்லாம் சுபிக்ஷா பெயரைச் சொன்னாள். எழும்போது "இதழினி", திரும்பிப் படுக்கும்போது "இதழினி". பரிமளம் முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். சுபிக்ஷாவுக்கோ அது ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. வாய் நிறையக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைத்ததே! கூப்பிட்டதும் மகள் ஓடி வந்து சின்னக் கையால் இடுப்பை அமுக்கி விடுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தரம் கூப்பிடும்போதும் பெற்ற வயிறு பற்றி எரியும். அந்த எரிச்சலை அவள் வேண்டாமென்று நினைக்கவில்லை. பிள்ளையைச் சுமந்ததற்கு அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

வரவர இடுப்பு வலி அடங்கியது. உட்கார முடிந்தது, நடக்க முடிந்தது. கம்பெனியிலிருந்து ஆள் விட்டார்கள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினாள். வேலைக்குப் போகும் முன் ஒரு தரம் மகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். பூபதி காலையில் பைக்கில் கூட்டிப்போனான்.

வாய்க்கால் மேட்டில் புல் முளைத்திருந்தது. இந்த இடம்தான் என்று பூபதி காட்டினான், காட்டியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. அவன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டான். சுபிக்ஷா உட்கார்ந்து மண்ணைத் தடவினாள். அன்றைக்கு இடுப்பில் வலி என்று ஒன்றும் இல்லை. வலிக்காக இல்லாமல், மகளுக்காக மட்டும் முதல் தரமாகக் கூப்பிட்டாள்.

"இதழினி."

வயிறு எரியும் என்று காத்திருந்தாள். எரியவில்லை. குரல் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அடிவயிறு துணி மடித்து வைத்ததுபோல் அமைதியாகக் கிடந்தது. கண்ணைக் கசக்கினாள், கண்ணும் வறண்டிருந்தது. நூலுக்கு என்ன தெரியும்? இடுப்பிலிருந்து வருவது எது, வயிற்றிலிருந்து வருவது எது என்று அதற்கு யார் பிரித்துச் சொன்னார்கள்? அந்தப் பெயரைச் சொன்னபோதெல்லாம் என்னென்ன மேலே போயிற்றோ அத்தனையையும் பொறுப்பாகக் கற்றுக்கொண்டிருந்தது.

அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பூபதி பதறி வந்தான். "என்ன சுபி, என்னாச்சு?"

"வலிக்கலீங் மாமா."

அவன் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிந்தது. "அப்பாடா!" என்றான். "அது போதும் கண்ணு. அது போதும்."

அவள் அவனைத் திருத்தவில்லை. மண்ணைப் பார்த்துக் குனிந்து, மறுபடியும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள்.